சிவன்மலை ஆண்டவனின் உத்தரவுப் பெட்டி

சனிக்கிழமை மாலையானால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். பணம் கைக்கு வந்ததும் கவலையும் கூடவே வந்துவிடுகிறது. நூல் விலை ஏறுமா, வெளிநாட்டு ஆர்டர் கிடைக்குமா, பெண்ணுக்கு வந்த வரனை முடிக்கலாமா என்று ஓவர்லாக் மெஷினின் முன் அமர்ந்திருக்கும் சகோதரிக்கும் கவலை, முதலாளி வீட்டு அம்மாளுக்கும் கவலை. இந்த மூட்டையை எங்கே இறக்குகிறார்கள் தெரியுமா? வாருங்கள், நாமும் போய்ப் பார்ப்போம்.

காங்கேயம் பஸ்ஸில் ஏறினால், ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போதே சிவன்மலை தெரியும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் தலம். படியேறிப் போகலாம், முழங்கால் வலிக்காரர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு.

முருகனைத் தரிசித்துவிட்டு, முன் மண்டபத்துத் தூணில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். அதுதான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி! யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் தோன்றி, இன்ன பொருளை வை என்பாராம். அவர் கோயிலுக்கு வந்து சொன்னால், சுவாமி முன் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும் வரை அங்கேயே இருக்கும். அது ஒரு மாதமாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம்.

மண் வைத்தபோது நிலத்தின் விலை ஏறிற்று, தண்ணீர் வைத்தபின் 2004-ல் சுனாமி வந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். நடந்து முடிந்தபின் பொருத்திச் சொல்வது சுலபந்தானே! ஆண்டவன் பொருளைத்தான் வைக்கச் சொல்கிறார். பொழிப்புரை எழுதுவது நாம். பெட்டியில் ஒன்று மாறிவிட்டால் போதும், வியாபாரிகள் உடனே கணக்குப் போட உட்கார்ந்து விடுகிறார்கள்.

பூக் கேட்கும் வழக்கம் கொங்கு நாட்டுக் கோயில்கள் பலவற்றில் உண்டு. சிவப்பு வந்துவிட்டால், "இன்னொருக்கா கேட்டுப் பாருங்க சாமி" என்று பூசாரியிடம் மெல்லக் கெஞ்சும் அம்மாள்களும் உண்டு. பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு முனையை மட்டும் கையில் பிடித்துக் கொள்வது நமக்குக் கைவந்த கலை அல்லவா?

அதற்காக எல்லாவற்றையும் முருகன் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடவும் முடியாது. பாசனத்துக்காக நொய்யலில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு வந்து தேங்கியபோது, விவசாயிகள் பூக் கேட்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விளைநிலம் கெட்டவர்களின் வழக்கு நியாயமானது. ஆனால் பட்டறையை நம்பிப் பிழைத்த வீடுகளில் உலை வைப்பது எப்படி? சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து வேலை மறுபடி தொடங்கும் வரை, அந்த வீட்டுப் பெண்கள் கிடைத்த வேலையைச் செய்தார்கள், கடன் வாங்கினார்கள், அதற்கு மேல் தங்கள் கையில் இல்லாததை மட்டும் சாமியிடம் விட்டார்கள். பூவைத் திரும்பப் போடச் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

தைப்பூசத்தில் தேர் மலையைச் சுற்றி வரும். அப்போது போனால் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் போங்கள். பெட்டிக்குள் அன்றைக்கு என்ன இருக்குமோ, அர்ச்சகராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்த கனவு எந்த ஊரில், எந்த வீட்டில் வரப் போகிறதோ!