கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க வரை பஸ்ஸில் ஓர் இரவு. அங்கிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். கணவரிடம் கைக்குழந்தையுடன் தனியே செல்லும் தாய்க்கு இது நெடும் பயணம்தான்.

குழந்தைக்கான பாலுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை. சோதனையின்போது எடுத்துக் காட்டினால் போதும்.

விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதே பிள்ளைக்குக் காது அதிகம் வலிக்கும். காற்றழுத்தம் கூடிச் செவிப்பறை உள்நோக்கி அழுந்துவதே காரணம். விழுங்கும்போது அழுத்தம் சமப்படும். ஆகவே தரையிறங்க அரை மணித்தியாலம் இருக்கையில், தூங்கும் பிள்ளையையும் எழுப்பிப் பால் கொடுங்கள். சால்வையால் மூடித் தாய்ப்பால் கொடுக்க வெட்கம் வேண்டாம்.

குளிர்காலத்தில் லண்டனில் காலை 7 மணியென்றால் நம் ஊரில் பிற்பகல் 12.30. சில நாட்களுக்குப் பிள்ளையின் பசியும் தூக்கமும் ஊர் நேரத்தையே கேட்கும். பொறுமையாயிருங்கள், தகப்பனின் முகமும் மெல்ல மெல்லத்தான் பழகும்.