வலது கால் கியர், இடது கால் பிரேக்

"அந்தப் பழைய புல்லட்டை ஏனுங்க இன்னும் வச்சு மல்லுக்கட்டறீங்க?"ன்னு டவுன்ல இருந்து வர்ற சொந்தபந்தம் எல்லாம் கேட்கறாங்க. விலைக்குக் கேட்டும் ஆள் வருது. எல்லாருக்கும் சேர்த்து இங்க பதில் எழுதிடறேன்.

வண்டி 350 சிசி என்ஃபீல்டு புல்லட். 1978ல எங்க ஐயன் வாங்கினது. இதுக்குப் பொறந்த ஊர் இங்கிலாந்துல ரெட்டிச். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி வந்துச்சு, திருவொற்றியூர்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. சீமையில கம்பெனி 1970ல மூடிப்போச்சு. இங்க நிக்கல. 1977ல நம்மூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏத்துமதி ஆச்சு. பனியன் ஏத்துமதி பண்ற சீமைக்காரனுக்கு இதைச் சொல்றதுல தனிச் சந்தோசமுங்க.

இதுல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. புது வண்டி ஓட்டிப் பழகினவங்க பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சிருவாங்க. கியருக்குப் பின்னால இன்னொரு சின்ன லீவர் இருக்கு. முதல் கியர் தவிர எதுல இருந்தாலும் குதிகால்ல ஒரு மிதி, நியூட்ரல். ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கறப்ப இந்த லீவரோட அருமை தெரியும்.

ஸ்டார்ட் பண்ண பலம் வேண்டாம், பக்குவம் வேணும். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவா அழுத்தினா ஒரு எடத்துல இறுகும். பிஸ்டன் மேல வந்துட்டதுன்னு அர்த்தம். இடது கைப்பக்கம் டீகம்ப்ரசர் லீவர் இருக்கு. அதைப் பிடிச்சா ஹெட்டுல இருக்கற சின்ன வால்வு திறந்து காத்து வெளிய போயிரும். அப்படியே கொஞ்சம் தள்ளினா ஹெட்லைட் மேல ஆம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வரும். பிளாட்டினம் பாயிண்ட் திறந்திருக்கறதை அது காட்டுது. லீவரை விட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே மிதி. அவ்வளவுதான்.

டேப்பெட்டுக்கும் பெரிய கருவி வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கணும், பிஸ்டன் கம்ப்ரசன்ல மேல நிக்கணும். வலது பக்கம் ஒரு நட்டைக் கழட்டினா மூடி வந்துரும், உள்ள புஷ்ராடு ரெண்டு. விரல்ல உருட்டினா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. லூசா இருந்தா டிக் டிக்குன்னு சத்தம் போடும். டைட்டா இருந்தா வால்வு சரியா மூடாது, கிக்கர் லேசாயிரும், வால்வும் கருகும். எங்க நோவுதுன்னு வண்டியே சொல்லிரும், நாம கேட்கத் தெரிஞ்சிருந்தாப் போதும்.

புது வண்டி மட்டம்னு நான் சொல்லலீங்க. மைலேஜ், பிரேக், புகை எல்லாத்துலயும் அதுதான் மேல. ஆனா நடுவழியில நின்னா, என்ன கோளாறுன்னு பார்க்கறதுக்கே கம்ப்யூட்டர் மாட்டணும்.

என் கவலை வேற. எங்க மெக்கானிக் அண்ணனுக்குக் கண்ணு மங்கி, பட்டறையை மூடிட்டார். அவர்கிட்டத் தொழில் கத்துக்க ஒரு பையன்கூட வரல. பனியன் கம்பெனிக்குப் போனா சனிக்கிழமை கையில சம்பளம். பட்டறையில அஞ்சு வருசம் ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டு எவன் உட்கார்ந்திருப்பான்? அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பட்டறை போனா, கூடவே அந்தக் கை வேலையும் போயிருதே.

அதனால லீவுக்கு வந்த மகளுக்கு டேப்பெட் பார்க்கக் கத்துக் குடுத்தேன். புஷ்ராடை உருட்டிப் பார்த்து, "சுத்துதுங்கப்பா, ஆடல"ன்னா. அவ வச்ச டேப்பெட்டுலதான் இப்ப வண்டி ஓடுது.

விலைக்குக் கேட்டு வர்றவங்க டீ குடிச்சுட்டுப் போலாம். கத்துக்கணும்னு வந்தா, ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. எஞ்சின் ஆறியிருக்கும்.