பெயர்த்து வைத்த வீடு

வேரொடு பெயர்த்து நட்ட மரம் தழைப்பதும் உண்டு, பட்டுப்போவதும் உண்டு. வீட்டைப் பெயர்த்து வைத்தால் யாதாகும்? இங்கிலாந்தின் வடபால் பீமிஷ் என்னுமிடத்துள்ள திறந்தவெளிப் பொருட்காட்சிச்சாலைக்கு யாம் சென்றிருந்தகாலை இவ்வினா எம் உள்ளத்து எழுந்தது.

ஆங்குள்ள பிரான்சிஸ் வீதி, ஆறு சிறு வீடுகளாலான ஒரு வரிசை. ஹெட்டன்-லி-ஹோல் என்னும் சுரங்க ஊரில், 1860-ஐ அடுத்த ஆண்டுகளில், நிலக்கரிக் கம்பெனியார் தம் தொழிலாளர் பொருட்டுக் கட்டியவை அவை. 1976-ஆம் ஆண்டில் அவற்றைப் பிரித்தெடுத்துக் கொணர்ந்து பீமிஷில் மீண்டும் எழுப்பினர். ஊரையும் அயலையும் இழந்த வீடு மெய்யான வீடாமோ என யாம் ஐயுற்றோம். அன்றியும், காத்தற்குரியன கோயிலும் கோட்டையும் அரண்மனையுமே என்பது இளமை முதல் எமது கொள்கை.

ஒரு வீட்டில் மஹாகனி மரச் சாமான்கள் பொலிந்தன. அடுத்ததில் விலையுயர்ந்த பொருள்கள் பல இருந்தன. இடர் நேர்ந்தால் விற்றற்கென்று சேர்த்தவையாம். அதற்கடுத்தது ஒரு கைம்பெண்ணின் இல்லமாக அமைக்கப்பட்டிருந்தது. எளியதோர் அடுப்பு, பிறர் துணி வெளுத்தும் கிழிசல் தைத்தும் அவள் பிழைத்தாள் என்பதற்கான அடையாளங்கள். கணவன் இறந்த பின்னரும் அவள் ஆங்கு வாழ இயன்றது, மகனும் சுரங்கத்தில் வேலை செய்தமையால். வீடு கம்பெனியாருடையது, வேலை போயின் வீடும் போம். 1844-ஆம் ஆண்டில் டர்ஹாம் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, குடும்பம் குடும்பமாக அவர்கள் தெருவில் விடப்பட்டனர். இதனை யாம் முன்னரே நூலிற் படித்திருந்தோம். எனினும், அவ்வடுப்பின்முன் நின்றபோதே அதன் பொருள் விளங்கிற்று.

இக்காட்சிச்சாலையை நிறுவிய பிராங்க் அட்கின்சன், மக்கள் மனமுவந்து கொடுத்த எப்பொருளையும் எளிதென்று ஒதுக்காது ஏற்றார். அவர் விரைந்தது நன்றாயிற்று. டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கமும் 1993-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அந்நாளில் வீடு நிற்க, மனிதர் பெயர்க்கப்பட்டனர். இப்பொழுதோ வீடு பெயர்ந்து வந்து அம்மனிதரை நமக்கு நினைவூட்டுகின்றது. எமது ஐயம் அகன்றது.

ஆனால் வேறொரு வருத்தம் புகுந்தது. எம் பாட்டியார் சமைத்த ஓட்டுவீட்டை இடித்த நாளில் யாம் உடனிருந்தோம். ஒரு சொல்லும் கூறினோமில்லை. கடல் கடந்த ஊரின் கைம்பெண்ணது அடுப்பு எமது கண்முன் நிற்கின்றது. எம் பாட்டியாரின் அடுப்போ, அதன் வடிவமும் நினைவில் இல்லை. இதனைப் படிக்கும் இளைஞர் இவ்விடுமுறையில் தம் இல்லம் சென்று, முதியோரை வினவி, அவர்தம் வீட்டைப் பற்றி ஓர் ஏட்டிலேனும் எழுதி வைப்பாராக.