செம்பனைக்கு நடுவே ஓர் அதிரசம்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் வந்து செடெனாக் டோலில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டவை பாரந்தூக்கிகள். செடெனாக் டெக் பார்க்கில் சாம்பல் நிறக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு ஜன்னலே இல்லை. டேட்டா சென்டர்களாம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை தொடங்கிவிட்டது. குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது குலுங்கிய இடத்திலெல்லாம் உதிர்ந்த பழம் ஆரஞ்சு நிறத்தில் தாரில் ஒட்டிக் கிடந்தது.

நான் போனது அதிரசத்துக்காக. செடெனாக் பக்கத் தோட்டங்களில் அதிரசம் தனி ருசியாக இருக்கும், ஏனென்றால் பாகுக்கு அங்கேயே இறக்கும் பனைவெல்லத்தைப் போடுகிறார்கள் என்று ஜொகூர் பாருவில் ஒருவர் சொல்லியிருந்தார். கேட்க நன்றாக இருந்தது. மரத்தைப் பார்த்துவிட்டு நம்பலாம் என்று கிளம்பினேன்.

கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் வாங்கினேன், 2 வெள்ளி. பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவரிடம், இங்கே யார் பதநீர் இறக்குகிறார்கள் என்று விசாரித்தேன். "இத்தனை பனை இருக்கு, வெல்லத்துக்கு என்ன பஞ்சம் தம்பி" என்று கையை வெளியே காட்டினார். அவர் காட்டிய பக்கம் இருந்ததெல்லாம் செம்பனை.

நடந்து போய்ப் பார்த்தேன். வரிசைக்கு நடுவே வெட்டிய மட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு தொழிலாளி நீளக் கம்பில் மாட்டிய அரிவாளால் குலையை அறுத்துத் தள்ளினார். முள்ளோடு பொத்தென்று விழுந்தது. எந்த மரத்திலும் பானை இல்லை, குழாய் இல்லை. இந்த மரத்தின் பூர்வீகமான மேற்கு ஆப்பிரிக்காவில் இதிலிருந்தே கள் இறக்கிக் குடிக்கிறார்கள். மலாயாவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகத்துக்காக முதன்முதலில் நட்டபோதே இதன் வேலை எண்ணெய் என்று முடிவாகிவிட்டது. கித்தா மரத்தில் பால் வெட்ட வந்த நம் ஆட்களின் பிள்ளைகள் பிறகு குலை அறுத்தார்கள். இனிப்புக்காக இதில் யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை.

வீடுகளின் பின்னால் தென்னை இருந்தது. அதையும் விடவில்லை, ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் தேங்காய் தொங்கியது. பாளையைச் சீவிச் சாறு இறக்கினால் அந்தப் பாளையில் காய் பிடிக்காது. தினமும் இரண்டு வேளை ஆள் ஏறும் மரமென்றால் அடிமரத்தில் கால் வைக்கும் வெட்டாவது தெரிய வேண்டும். தண்டு வழவழவென்று இருந்தது.

ஆக, வெல்லம் வருவது கடையிலிருந்துதான். மளிகைக் கடையில் குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று அரைக் கிலோ 5 வெள்ளி 50 காசு, பளபளப்பான உருளைகள், எல்லாம் ஒரே நிறம். இன்னொன்று ஒரு கிலோ 24 வெள்ளி, மூங்கில் குழாயின் வரி பதிந்து, கொஞ்சம் கோணலாக, மேலே கசிந்த ஈரத்தோடு. விலை குறைந்ததன் உறையைத் திருப்பிப் பார்த்தேன். இந்த நாட்டில் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள்படி, எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் அச்சிட வேண்டும். முதலில் இருந்தது சீனி. தென்னஞ்சாறு அதற்குப் பின்னால்தான் வந்தது. கடைக்காரர் மட்டும், "ரெண்டும் ஒரே சரக்குதான், பேக்கிங்தான் வேற" என்றார். கட்டைவிரலால் அழுத்தினால் விலை கூடிய உருளையின் ஓரம் உதிர்கிறது, புகை வாசம் வருகிறது. மற்றதில் நகம்கூட இறங்கவில்லை.

அதிரசம் சுடும் ஓர் அம்மாவின் வீடு கடைத்தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். பின்கட்டில் அடுப்பு. நான் போனபோது பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினார். திரண்டது, ஆனால் நிற்கவில்லை. "இன்னும் ரெண்டு கொதி" என்றார். அடுத்த முறை உருண்டு வந்ததும் அடுப்பை அணைத்து மாவைக் கொட்டினார். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன்னே அரைத்துச் சலித்த மாவு. ஏலக்காய், சுக்கு, எள். பாகு இளகலாக இருந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றினால் பல் உடையும்.

எந்த வெல்லம் என்று கேட்டேன். மறைக்கவில்லை. இரண்டையும் பாதிப் பாதி போடுகிறார். "அசல் மட்டும் போட்டா நாலு நாள்ல கசியும் தம்பி, சீக்கிரம் கருகும். சீனி கலந்ததுன்னா சொன்ன பேச்சு கேக்கும். வாசத்துக்கு அது, பதத்துக்கு இது." ஊருக்கு வெளியே சொன்ன கதையைவிட இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

மாவு மறுநாளுக்கு. அன்று சுட முந்தைய நாள் பிசைந்தது தயாராக இருந்தது. வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் போட்டு, உப்பியதும் திருப்பி, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்தார். விளிம்பு மொறுமொறு, நடுவில் கொழகொழவென்று பாகு. இதே போல அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களிடம் ஷூஃபிளை பை என்று ஒரு பண்டம் உண்டு. கரும்பு ஆலையில் சீனியை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகை மாவு ஓட்டில் ஊற்றி, மேலே மாவுத்தூள் தூவிச் சுடுவது. அதிலும் அடிப்பக்கம் ஈரமாக இருப்பதற்குத்தான் மவுசு, காலைக் காப்பியோடு சாப்பிடுவார்கள். பழம் கிடைக்காத குளிர்காலத்துக்கு அலமாரியில் இருப்பதைக் கொண்டு செய்தது என்கிறார்கள். ஆனால் அவர்களுடையது சீனி போக மிஞ்சியது. நம்முடையது சாறு முழுவதையும் வற்றவைத்தது. அதிரசத்துக்கு வயதும் கூடுதல். விஜயநகரக் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைத்த பட்டியலில் அதிரசப்படி வந்துவிடுகிறது.

பத்து அதிரசம் 12 வெள்ளி. தீபாவளிக்கு வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டுமாம். கடைசி வாரம் வந்து நின்றால் மகளுக்கே கிடையாது என்றார்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு மலாய்க்கார அம்மாவின் மேசை. வாழையிலை விரித்த தட்டில் பெனேராம், நான்கு 2 வெள்ளி. அரிசி மாவு, குலா மலாக்கா, எண்ணெய். நிறம், வாசம், பிய்க்கும்போது வரும் இழுவை எல்லாம் அதிரசமேதான். நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. இது எங்கள் பாட்டி காலத்துச் சொந்தப் பலகாரம், வேறெங்கும் கிடையாது என்றார். நான் பொட்டலத்தைப் பிரித்து ஓர் அதிரசத்தை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், பிட்டு வாயில் போட்டார். சுக்கு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். பிறகு நடுப்பகுதியை விரலால் அமுக்கிக் காட்டி, இது வேகவில்லை, ஓட்டை போட்டிருந்தால் வெந்திருக்கும் என்றார். மீதியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்தார்.