லங்காவி: சாக்லேட் பைக்கு அப்பால்

லங்காவிக்குப் போய் வந்தேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நம்மவர்களின் அடுத்த கேள்வி, "சாக்லேட் வாங்கினீர்களா?" என்பதுதான். 1987இல் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது முதல் சாக்லேட்டும் பாத்திரமும் வாங்கும் ஊர் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பந்தாய் செனாங் கடற்கரையில் ஒரு மாலை, குவா நகரக் கடைகளில் ஒரு பகல், பிறகு கனத்த பைகளோடு படகுத்துறை. பல குடும்பங்களின் லங்காவிப் பயணம் இவ்வளவுதான்.

ஆனால் 2007இல் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில், தென்கிழக்காசியாவிலிருந்து முதல் ஆளாக இந்தத் தீவு இடம்பிடித்தது. கடைகளைப் பார்த்து யாரும் அந்தத் தகுதியைக் கொடுக்கவில்லை. கற்களைப் பார்த்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் விடுமுறை என்றால், அதில் ஒன்றரை நாளையாவது மலைக்கும் ஆற்றுக்கும் ஒதுக்குங்கள்.

பருவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக்கரைத் தீவுகள் ஏறக்குறைய மூடிக்கிடக்கும். மேற்குக் கரையில் இருக்கும் லங்காவிக்கோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். இங்கே மழை வலுப்பது செப்டம்பர், அக்டோபரில். குவாலா பெர்லிஸ், குவாலா கெடா இரண்டிலிருந்தும் பயணிகள் படகு உண்டு. கடலில் தலைசுற்றும் என்பவர்கள் பெர்லிஸ் வழியாகப் போகலாம், தூரம் குறைவு.

மேற்கு மூலையில் நிற்கும் மச்சின்சாங் மலைதான் தீவின் மூத்த பிள்ளை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல் இறுகி, பிறகு மேலெழுந்து மலையானது. மலேசியாவின் மிகப் பழைய பாறைகளில் இதுவும் ஒன்று. கேபிள் கார் உங்களைச் சுமார் 700 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே ஒற்றைத் தூணிலிருந்து கம்பிகளில் தொங்கும் 125 மீட்டர் நீள வளைவுப் பாலத்தில் நின்று பார்த்தால், தெளிவான நாளில் தாய்லாந்துத் தீவுகள் வரை தெரியும். காற்றோ இடியோ வந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். அருகிலுள்ள தெலாகா துஜோ அருவிக்குப் படியேற வேண்டும். வழுக்குப் பாறை அதிகம். பாட்டி தாத்தாவைக் கீழேயே உட்கார வைப்பது நல்லது.

எனக்குக் கேட்டால், ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மலையை விட்டுவிட்டுக் கிளிம் ஆற்றுக்குப் போகச் சொல்வேன். தீவின் வடகிழக்கில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கடலுக்குப் போகும் ஆறு. இருகரையும் அலையாத்திக் காடு. நீர் இறங்கும் வேளையில் போனால் அந்த மரங்களின் வேர்கள், ஆயிரம் கால்கள் சேற்றில் ஊன்றி நிற்பதுபோல் தெரியும். சேற்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும். மீனா தவளையா என்று சொல்ல முடியாத சேற்றுத்தாவி, துடுப்பையே காலாக்கி நடக்கும். கைப்பேசியை மறந்து பிள்ளைகள் படகின் ஓரத்தில் சாய்வது இந்த இடத்தில்தான்.

இங்கே ஒரு வௌவால் குகையும் உண்டு. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லலாம். குகையில் வாழும் தேன் குடிக்கும் வௌவால் இனங்கள் இரவில் பூப்பூவாகப் போய் மகரந்தம் சேர்ப்பதால்தான் நமக்கு டுரியானும் பெத்தாயும் கிடைக்கின்றன. விளக்கை மேலே அடிக்காமல், பளிச்சிடும் படம் எடுக்காமல் நடந்து வாருங்கள்.

பிறகு கழுகுகள். ஹெலாங் என்றால் கழுகு, காவி என்றால் செம்பழுப்பு, இரண்டும் சேர்ந்ததே லங்காவி என்று ஒரு பெயர்க்கதை உண்டு. குவா படகுத்துறைக்கு அருகே சிலையாக நிற்பதும் அந்தப் பறவைதான். அது நமக்கு வேற்றாள் இல்லை. வெள்ளைத் தலை, செம்மண் நிற உடல். ஊரில் பெரியவர்கள் வானத்தில் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதே கருடன்.

கிளிமில் அந்தக் கருடனுக்கு நடப்பது மனத்தை உறுத்துகிறது. பயணிகள் படம் எடுப்பதற்காகச் சில படகுகளிலிருந்து கோழித் தோலையும் குடலையும் நீரில் வீசுவது நெடுங்கால வழக்கமாகிவிட்டது. நொடியில் பறவைகள் கூட்டமாக இறங்கும், கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மீனும் நண்டும் தேடிப் பிடித்து, செத்ததைத் தின்று கடற்கரையைச் சுத்தம் செய்யும் பறவைக்கு இது கொழுப்பு மிகுந்த இலவசச் சோறு. எலும்புக்குத் தேவையான சத்து அதில் இல்லை. வேட்டையாடக் கற்க வேண்டிய இளம்பறவை இயந்திரச் சத்தத்தைக் கேட்டு ஓடிவரக் கற்றுக்கொள்கிறது. இயற்கை ஆர்வலர்கள் இதைப் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள், தீனி போடாமலே காட்டும் படகோட்டிகளும் இருக்கிறார்கள்.

கிளிமில் படகை மணிக்கணக்கில் முழுதாகத்தான் வாடகைக்குப் பேசுவோம். ஆகவே சொல் நம்முடையது. ஏறும்போதே, "பாங், தாக் பாயா பாகி மாக்கான் ஹெலாங்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டால் போதும். மெதுவாக ஓட்டவும் கேளுங்கள். வேகப் படகின் அலை கரைமண்ணை அரித்து அந்த வேர்களைச் சாய்க்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இத்தீவின் குவாலா தெரியாங் கிராமத்தைத் தாக்கியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கரையோரம் அடர்ந்த அலையாத்திக் காடு எதற்கு என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீனி போடாவிட்டாலும் கருடன் வரத்தான் செய்யும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

நேரம் மிஞ்சினால் தாயாங் பூந்திங் தீவின் நன்னீர் ஏரி. பிள்ளை வரம் வேண்டுவோர் நீர் அருந்தும் ஏரி என்பது உள்ளூர் நம்பிக்கை. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தை வெளியில் எடுக்காதீர்கள். வாகனம் இருந்தால் மாலையில் 881 மீட்டர் உயரக் குனோங் ராயாவுக்கு ஏறலாம். இருவாச்சிகள் கூடு திரும்பும் நேரம் அது. சிறகடிக்கும் ஓசை பறவைக்கு முன்னாலேயே வந்து சேரும். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். வீட்டுத் தலைவர்கள் கவனிக்க!

கடலில் குளிக்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. கொட்டும் ஜெல்லி மீன்கள் இந்தக் கடலில் உண்டு, சில வகை உயிருக்கே ஆபத்து. எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு உடலை மூடும் நீச்சலுடையும், பையில் ஒரு போத்தல் வினிகரும் இருக்கட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

செனாங்கின் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வடக்கே தஞ்சோங் ரு இருக்கிறது. ரு என்றால் நம் சவுக்கு, சவுக்கு நிற்கும் முனை. நீர் வற்றும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு போனால், கடல் விலகிய மணல்திட்டில் கணுக்கால் நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். ஏற்றம் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள், இங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும்.