‘தெரியாது’ என்று சொல்லும் தகுதி

என் தங்கைக்கு 29 வயது. ஓர் அரசாங்க அமைப்பில் மென்பொருள் பொறியாளர். சென்ற ஆண்டு அவளை ஒரு பிரிவுக்குத் துணை இயக்குநராக்க மேலதிகாரிகள் முன்வந்தார்கள். அம்மா உடனே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டார். தங்கையோ இரண்டு இரவு தூங்கவில்லை.

“அக்கா, குழுவில பாதிப் பேர் என்னைவிட 15 வயசு மூத்தவங்க. ஆறு வருஷ அனுபவத்தை வச்சுக்கிட்டு அவங்களுக்கு நான் என்ன சொல்றது? ஆள் தெரியாம என்னைக் கூப்பிட்டுட்டாங்களோன்னு இருக்கு” என்றாள்.

இந்த உணர்வு புதிதல்ல. 1978ல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் சாதித்த பெண்கள் பலர், ‘எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் பிடிபடுவேன்’ என்று உள்ளுக்குள் அஞ்சியதை அவர்கள் கண்டார்கள்.

ஆனால், தங்கையின் பயத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தனியார் செயலி பிடிக்காவிட்டால் நீக்கிவிட்டு வேறொன்றைப் பதிவிறக்கலாம். சிங்பாஸ் பிடிக்கவில்லை என்று வேறோர் அரசாங்கத்திடம் போக முடியுமா? நம் அம்மாக்களும் தாத்தாக்களும் அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். அந்தப் பொறுப்பில் உட்காருபவருக்குக் கொஞ்சமும் பயம் வராவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

தைவானின் ஆட்ரி டாங் 14 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். 2016ல், 35 வயதில், அமைச்சரவையில் சேர்ந்து மின்னிலக்கத் துறையைக் கவனித்தார். பட்டம் இல்லாதவர்தான். ஆனால், அதற்கு முன்பே பல ஆண்டுகள் முகம் தெரியாத நிரலாளர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியிருந்தார். பிறரிடம் கேட்டு, பிறரோடு சேர்ந்து செய்யும் பழக்கமும் ஒரு தகுதிதான்.

நான் ஊடகத் துறையில் படித்தவள். ஒரு வாரம் இதய மருத்துவரைப் பேட்டி காண்பேன். அடுத்த வாரம் மத்திய சேம நிதி பற்றிப் பேச ஒருவர் வருவார். கலையகத்தில் விவரம் குறைவாகத் தெரிந்தவள் எப்போதும் நான்தான். நேயருக்குப் புரியும்வரை கேட்பதே என் வேலை. தலைமைப் பதவியிலும் பாதி வேலை அதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொன்னேன். ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம்: வரவுசெலவுத் திட்டம், ஏலக்குத்தகை நடைமுறை, ஊழியர் மதிப்பீடு. அனுபவத்தில் மட்டுமே வருபவை மறுபக்கம்: நள்ளிரவில் கணினிக் கட்டமைப்பு முடங்கினால் முதலில் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்பது போன்றவை.

அந்தத் தாளோடு மேலதிகாரியைப் பார்த்தாள். முதல் பக்கத்துக்குப் பயிற்சி கேட்டாள். மறுபக்கத்துக்கு, குழுவிலேயே மூத்த பொறியாளர் ஒருவரின் பேச்சே இறுதி முடிவாக இருக்க வேண்டும் என்றாள். இரண்டுக்கும் சம்மதம் கிடைத்தது. பதவியை ஏற்றுக்கொண்டாள்.

எட்டு மாதமாகிறது. பயம் முழுதாகப் போய்விடவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை சமூக மன்றத்துக்குப் போகிறாள். அங்கே முதியோருக்குக் கைப்பேசி சொல்லித்தரும் தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் பாட்டிகளின் விரல் தயங்கி நிற்கிறது என்று பார்க்கிறாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவளுடைய முதல் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

உங்களுக்கும் வயதை மீறிய ஒரு வாய்ப்பு வரலாம். ‘எனக்குத் தகுதி இருக்கிறதா’ என்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: ‘எனக்குத் தெரியாதபோது யாரிடம் கேட்பேன்? அங்கே கேட்க விடுவார்களா?’ அதற்குப் பதில் கிடைத்தால் துணிந்து போங்கள். கிடைக்காவிட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வதும் கோழைத்தனமல்ல.