வாகரை வழியில் இரு பற்றரிகள்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குச் செல்லும் வழியில், பனிச்சங்கேணிப் பாலத்தருகே ஒருபுறம் உப்பாறும் மறுபுறம் கடலும் விரிந்து கிடக்கின்றன. வீட்டு வசதியுள்ள வாகனத்தில் வந்து இங்கு இராத்தங்குவோருக்கு விளக்கும் விசிறியும் பற்றரியாலேயே இயங்க வேண்டும். 12.8 வோல்ற், 100 அம்பியர்-மணியுள்ள இரண்டு இலிதியம் பற்றரிகளை, நேரை நேரோடும் மறையை மறையோடும் சமாந்தரமாக இணைத்தால் அழுத்தம் மாறாது. கொள்ளளவு 200 ஆகும்.

நிற்க. ஒன்று நிறைந்தும் மற்றது வற்றியும் இருக்கையில் இணைப்பது ஆபத்து. மழைக்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை வெட்டியதும் நீர் சீறுவதைக் கண்டிருப்பீர்கள். மின்னோட்டமும் அவ்வாறே பாய்ந்து கம்பியைச் சுடும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே முழுதும் மின்னேற்றிய பின்னரே இணைத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி உருகி அவசியம். வெளிச்செல்லும் நேர்க்கம்பியை ஒன்றிலும் மறைக்கம்பியை மற்றதிலும் எடுத்தால் சுமை சமமாகும்; உப்புக்காற்றில் முனைகள் களிம்பேறினால் அச்சமநிலை கெடும்.